குடலில் வைத்த கரிப்புள்ளியும் பாட்டிலில் வந்த ஃபுல்லரீனும்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கொலோனோஸ்கோபி அறிக்கையில், கட்டிக்குப் பக்கத்தில் கார்பன் மையால் அடையாளம் வைத்திருப்பதாக ஒரு வரி இருக்கிறது. அதைத் தேடப் போன இடத்தில், கார்பன் நானோகுழாய் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரிப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஒரு கட்டுரையும், அதே நானோகுழாய் புற்றுநோயை அழிக்கும் என்று இன்னொரு கட்டுரையும் படித்திருக்கிறீர்கள். நடுவில் உறவினர் ஒருவர் ஃபுல்லரீன் கலந்த ஆலிவ் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து, "நோபல் பரிசு வாங்கிய பொருள், தினமும் ஒரு ஸ்பூன் கொடு" என்கிறார். கார்பன் நானோ பொருட்கள் மருத்துவத்தில் பயன்படுகின்றனவா என்று பொதுவாகக் கேட்டிருந்தாலும், உள்ளே இருப்பவை மூன்று கேள்விகள். அப்பாவின் உடம்புக்குள் வைத்தது கெடுதல் செய்யுமா? நமக்குத் தெரியாமல் ஏதாவது நல்ல சிகிச்சை கைநழுவிப் போகிறதா? அந்த எண்ணெயைக் கொடுக்கலாமா?

அவசரமானதற்கு முதலில் பதில். எண்ணெயைக் கொடுக்காதீர்கள். மையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நானோகுழாய் சிகிச்சை எதையும் நீங்கள் தவறவிடவில்லை; புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்று நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் நானோகுழாய் எதுவும் இல்லை. நான் மருத்துவர் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேதியியல் படித்து, பதினாறு ஆண்டுகளாகக் கார்பன் நானோ பொருட்களைத் தயாரிப்பதும், அவை செல்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுமே என் வேலை. அப்பாவின் கட்டிக்கு எது சரி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கரியைப் பற்றிச் சொல்ல முடியும்.

குழப்பத்துக்கு முதல் காரணம் 'கார்பன்' என்ற ஒரே சொல். ஆய்வகத்தில் நாங்கள் யாரும் அந்தச் சொல்லை மட்டும் வைத்துப் பேசுவதில்லை; எந்த வடிவம், என்ன நீளம், மேற்பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று கேட்போம். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலக் கூடியது ஃபுல்லரீன். 1985-இல் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் கண்டுபிடித்து 1996-இல் நோபல் பெற்றார்கள். ஒரே ஒரு அணு தடிமனுள்ள தாள் கிராஃபீன். அந்தத் தாளைச் சுருட்டியது போல இருப்பது நானோகுழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர், நீளமோ அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேலும் போகும். வெடிமருந்தை மூடிய கலனுக்குள் வெடிக்கவைத்தால் கிடைக்கும் கரியில் 4, 5 நானோமீட்டர் அளவில் வைரத் துகள்கள் இருக்கும், அது நானோவைரம். எல்லாம் ஒரே தனிமம்தான். ஆனால் உடம்பைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பொருட்கள். நானோகுழாயைப் பற்றிய எச்சரிக்கையை எடுத்துக் கரி மையின் மேல் போடுவதும், ஃபுல்லரீனுக்குக் கிடைத்த நோபலை எடுத்து எண்ணெய் பாட்டிலின் மேல் ஒட்டுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

இப்போது உங்கள் அப்பாவின் அறிக்கையில் இருக்கும் அந்த வரி. குடலின் உட்சுவரில் இருக்கும் சிறிய கட்டி வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில், அறுவை செய்பவருக்குக் கையால் தொட்டுத் தடவிப் பார்க்கும் வசதியும் இல்லை. அதனால் கொலோனோஸ்கோபி செய்யும்போதே, கட்டிக்குச் சற்றுத் தள்ளி, குடல் சுவருக்குள் மெல்லிய ஊசியால் மிக நுண்ணிய கரித்துகள்கள் கலந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். அறுவை அன்று குடலின் வெளிப்பக்கத்தில் கறுப்புத் திட்டாக அது தெரியும். முன்பெல்லாம் எழுதப் பயன்படும் கரிமையையே கிருமி நீக்கிப் பயன்படுத்தினார்கள். அப்போது சிலருக்கு அழற்சியும் சீழ்க்கட்டியும் வந்தன. மை கெடாமல், படியாமல் இருக்கச் சேர்த்த அரக்கு, அம்மோனியா போன்ற துணைப்பொருட்களின் மேல்தான் பெரும் சந்தேகம் விழுந்தது. பிறகு அவை இல்லாமல், கிருமி நீக்கிய கரித்துகள் திரவமாகவே தயாரித்தார்கள். இன்று பரவலாக இருப்பது அந்த வகை. ஊசி சற்று ஆழமாகப் போனால் மை வயிற்றறைக்குள் கசிந்து அங்கங்கே கறுப்புப் படியலாம், எப்போதாவது அந்த இடத்தில் அழற்சி வரலாம். இவை மருத்துவர்களுக்குத் தெரிந்தவை, பார்த்துக்கொள்ளக்கூடியவை. பெரும்பாலும், மை வைத்த குடல்பகுதியே கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்கப்பட்டுவிடும்.

அந்தக் கரி ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்பது இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரியை நம் உடம்பால் கரைக்க முடியாது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. செரிக்க முடியாது, துப்பவும் முடியாது; வயிற்றில் கரியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் செல் செத்தால் கரி வெளியே கொட்டும். உடனே புதிதாக வந்த இன்னொரு செல் அதை விழுங்கிக்கொள்ளும். பச்சை குத்திய தோலில் இந்தக் கைமாற்றம் நடப்பதைப் பிரான்சில் எலிகளை வைத்து 2018-இல் காட்டினார்கள். கையில் குத்திய பெயர் ஐம்பது ஆண்டு கழித்தும் அழியாமலிருப்பது இதனால்தான். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த ஏட்சி என்ற மனிதனின் உடல் சுமார் 5300 ஆண்டு பழையது. அதன் தோலில் புகைக்கரியால் போட்ட 61 கோடுகள் இன்னும் இருக்கின்றன. கரி உடம்புக்குள் நெடுங்காலம் கிடக்கும் என்பது ஒரு கெடுதலாகத் தோன்றலாம். ஆனால் அடையாளம் வைக்க வேண்டிய இடத்தில் அதுதான் தேவையான குணம்.

இதே குணத்தை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்துவது தைராய்டு அறுவையில். சீனாவில் இதற்கென்று அங்கீகாரம் பெற்ற கார்பன் நானோதுகள் ஊசிமருந்து பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. அதன் துகள்கள் சராசரியாக 150 நானோமீட்டர். இரத்தத் தந்துகிகளின் சுவரில் உள்ள இடைவெளி 20 முதல் 50 நானோமீட்டர், நிணநீர்த் தந்துகிகளின் சுவரிலோ 120 முதல் 500 நானோமீட்டர். எனவே தைராய்டுக்குள் செலுத்திய கரி இரத்தத்துக்குள் நுழையாமல் நிணநீர் வழியில் மட்டும் போய்ச் சேர்கிறது. அறுவைப் படம் ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஊசி போட்டுச் சில நிமிடங்களில் சுரப்பி மை ஊறிய பஞ்சு போலக் கறுக்கிறது. பக்கத்துக் கொழுப்புக்குள் புதைந்திருக்கும் நிணநீர் முடிச்சுகள் மிளகுபோல ஒவ்வொன்றாகக் கறுத்து வெளிப்படுகின்றன. அந்தக் கறுப்புக்கு ஓரத்தில், பருப்பு அளவில், நிறம் மாறாமல் மஞ்சள் பழுப்பாக ஒன்று நிற்கிறது. அதுதான் பாராதைராய்டு சுரப்பி. இரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது அது; தவறி வெட்டிவிட்டால் நோயாளி ஆயுள் முழுக்கக் கால்சியத்தோடு மல்லாட வேண்டியிருக்கும். கரி அதற்குள் போகாததால், எதைத் தொடக்கூடாது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. 100 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் நானோ என்று கறாராகச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கணக்கு முக்கியமில்லை. மனித உடம்புக்குள் போய்ப் பயன் தருகிற கார்பன் நுண்துகள் எதுவென்று கேட்டால், முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். துகளை ஓர் இடத்தில் வைக்கிறார்கள், அது அங்கேயே அல்லது பக்கத்து நிணநீர் முடிச்சில் நிற்கிறது, பெரும்பகுதி வெட்டிய திசுவோடு வெளியே வந்துவிடுகிறது. விஷம் குடித்தவர்களுக்குக் கொடுக்கும் மருத்துவக் கரியும் இந்த வகைதான். ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவில் மேற்பரப்புள்ள அந்தத் துளைக்கரி, விஷத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். உள்ளே போனது எப்படி வெளியே வரும் என்ற கேள்விக்கு இவை எல்லாவற்றிலும் தெளிவான பதில் இருக்கிறது. நானோகுழாய்ச் சிகிச்சை மாட்டிக்கொண்டு நிற்பது அந்தக் கேள்வியில்தான்.

அந்தச் சிகிச்சையின் மேல் இவ்வளவு ஆசை ஏன் வந்தது என்றும் சொல்ல வேண்டும், அது வெற்று விளம்பரம் இல்லை. நம் சதை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடும். ஆனால் அருகு அகச்சிவப்பு ஒளியை ஓரளவு உள்ளே விடும். கையை டார்ச் விளக்கின் மேல் வைத்தால் விரல் சிவப்பாகத் தெரிகிறதே, அந்தச் சிவப்புக்கு அடுத்த பகுதி அது. ஒற்றைச் சுவர் நானோகுழாய் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். சில குழாய்கள் அதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளிரவும் செய்யும். ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜீ டாயின் குழு 2005-இல், குழாய்களை விழுங்கிய புற்றுச் செல்களை மட்டும் இந்த ஒளியால் சூடாக்கிக் கொல்ல முடியும் என்று தட்டில் வளர்த்த செல்களில் காட்டியது. அடுத்த பத்தாண்டில் எலிகளில் ஏராளமான வேலை நடந்தது. குழாயின் மேல் மருந்தை ஏற்றி அனுப்பினார்கள், கட்டிக்குள் நேரடியாக ஊசி போட்டுச் சூடாக்கினார்கள். பல எலிகளில் கட்டி கரைந்தது. அது உண்மைதான்.

ஆனால் எலியின் தோலுக்குச் சற்றுக் கீழே வளர்த்த கட்டியும், மனிதனின் வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியும் ஒன்றல்ல. அகச்சிவப்பு ஒளி போவது சில சென்டிமீட்டர் கூட இல்லை. இரத்தத்தில் செலுத்தினால் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். எல்லா வகை நானோதுகள்களுக்கும் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளிவந்தது: செலுத்திய அளவில் கட்டியைச் சென்றடைவது, நடுமதிப்பாக, வெறும் 0.7 சதவீதம். மீதி எங்கே போகிறது? கரையக்கூடிய கொழுப்பு உருண்டைக்குள் மருந்து வைத்தால் அந்த மீதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அப்படிப்பட்ட டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து 1995-இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுவிட்டது. மக்காத குழாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு சிக்கலைத் தினமும் கையால் தொடுபவர்கள்தான் உணர்வார்கள். நானோகுழாய் ஒரு மருந்து மாதிரி ஒரே மூலக்கூறு அல்ல. பாட்டிலைத் திறந்தால் கறுப்புப் பஞ்சு போல இருக்கும். நிலைமின்னால் கையுறையை நோக்கித் துள்ளும், அதனால் காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துத்தான் திறப்போம். தண்ணீரில் போட்டால் கரையாது. மணிக்கணக்கில் ஒலியதிர்வுத் தொட்டியில் வைத்தால் மை போல ஆகும், மறுநாள் காலையில் பார்த்தால் பாதி அடியில் படிந்திருக்கும். நீளம் ஒன்றுபோல இருக்காது. உள்ளே இரும்பு, நிக்கல், கோபால்ட் என்று தயாரிப்பில் பயன்பட்ட உலோகம் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகள்கூட ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இதைக் கொண்டுபோய் வைத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எது மருந்து?" என்பதாகத்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறு இங்கே உதவும். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க எம்டிடி என்றொரு சோதனை உண்டு. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாப் படிகமாக மாற்றும். ஊதா எவ்வளவு என்று அளந்தால் எத்தனை செல் பிழைத்தது என்று தெரியும். நானோகுழாய் போட்ட செல்களில் ஊதா பாதியாகக் குறைந்தது. செல்கள் பாதி செத்துவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். எங்கள் மூத்த ஆய்வாளர் அக்கா நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "தட்டில் எல்லாம் நன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே, எங்கேப்பா செத்தது?" என்று கேட்டார். ஊதாப் படிகங்கள் குழாய்களைச் சுற்றிக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, கரைய மறுத்து நின்றன. செல் சாகவில்லை, அளவுகோலையே கரி பிடித்து வைத்திருந்தது. இந்தக் கோளாறைப் பற்றி 2006-லேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள், நான் படிக்காமல் இருந்திருக்கிறேன். அதனால் "நானோகுழாய் கொல்கிறது" என்றோ "ஒன்றும் செய்யாது" என்றோ ஒரு பழைய கட்டுரை சொன்னால், எந்தச் சோதனையால் அளந்தார்கள் என்று பார்க்காமல் நான் அதை ஏற்பதில்லை. நீங்கள் படித்த எதிரெதிரான செய்திகளில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பீடு அப்படி வந்ததல்ல. அது உறுதியான விஷயம், எல்லையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எடின்பரோவில் கென் டொனால்ட்சன் குழுவினர் 2008-இல், நீளமான பலசுவர் நானோகுழாயை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது, நீளமான ஆஸ்பெஸ்டாஸ் இழை உண்டாக்கும் அதே வகை அழற்சியும் திசுக் கட்டிகளும் தோன்றின. குட்டையான, சுருண்டு பந்தாகக் கிடக்கும் குழாய்களில் அது தோன்றவில்லை. காரணம் வேதியியல் இல்லை, நீளம். விழுங்கும் செல் தன்னைவிட நீளமான விறைப்பான இழையை முழுதாக விழுங்க முடியாது. பாதி உள்ளே பாதி வெளியே என்று தொண்டையில் முள் சிக்கியதுபோல நின்று, செரிமான நொதிகளைச் சுற்றிலும் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஓயாத புண்தான் ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாற வழி செய்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல், எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு குறிப்பிட்ட, விறைப்பான பலசுவர்க் குழாயை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்றக் குழாய்களுக்கு முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 3-ஆம் பிரிவில் விட்டது. ஆதாரம் இல்லை என்பதைப் பாதுகாப்பானது என்று படிக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் பணியிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. மிகக் கறாரான அளவு அது. நாங்கள் முகக்கவசமும் பெட்டியுமாக வேலை செய்வது அதனால்தான். ஆனால் இந்த ஆபத்து மூச்சு வழியாகவும் நீளமான இழை வழியாகவும் வருவது. அப்பாவின் குடலில் வைத்தது இழை அல்ல, உருண்டையான கரித்துகள், நுரையீரலுக்குள்ளும் போகவில்லை.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. நானோகுழாய் உடம்பில் என்றென்றைக்கும் அப்படியே கிடக்குமா? முன்பு அப்படித்தான் நினைத்தோம். நம் வெள்ளணுக்களில் கிருமியைக் கொல்ல இருக்கும் மயலோபெராக்ஸிடேஸ் என்ற நொதி ஒற்றைச் சுவர்க் குழாயைச் சிறிது சிறிதாக அரிக்கிறது என்று 2010-இல் வேலெரியன் காகனின் குழு காட்டியது. மேற்பரப்பில் ஆக்சிஜன் குழுக்கள் ஒட்டிய குழாய்கள் சீக்கிரம் அரிபடுகின்றன. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் உயிருள்ள மனித உடம்பில், மருந்தளவில், எத்தனை மாதத்தில் என்று யாரும் காட்டவில்லை. கிராஃபீன் ஆக்சைடுக்கு ஒரு படி மேலே வந்திருக்கிறார்கள். எடின்பரோவில் 14 தன்னார்வலர்கள் மிகத் தூய, மெல்லிய கிராஃபீன் ஆக்சைடு துகள்களை இரண்டு மணி நேரம் சுவாசித்தார்கள். நுரையீரல் செயல்பாட்டிலோ இரத்த அழுத்தத்திலோ உடனடிக் கெடுதல் தெரியவில்லை என்று 2024-இல் வெளியிட்டார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே நேரத்தில் பதினான்கு பேர், ஆரோக்கியமானவர்கள், சில மணி நேரம் என்பதையும் மறக்க மாட்டேன். அதற்கு நேர்மாறாக நடந்தது கிராஃபீன் பூசிய முகக்கவசங்கள். தரவு வருவதற்கு முன்பே சந்தைக்கு வந்தன. 2021 ஏப்ரலில் கனடா சுகாதாரத் துறை அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. பிறகு சோதித்துப் பார்த்துச் சில மாதிரிகளை மட்டும் அந்த ஆண்டு ஜூலையில் திரும்ப அனுமதித்தது. எந்தத் துகள் உதிர்கிறது, எவ்வளவு உதிர்கிறது என்று விற்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விற்ற பிறகு கேட்டார்கள்.

ஃபுல்லரீன் எண்ணெய்க்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்வதற்குக் காரணம், கொண்டுவந்தவர் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. 1993-இல், எச்ஐவியின் புரோட்டியேஸ் நொதியில் இருக்கும் குழிக்குள் ஃபுல்லரீன் பந்து அளவெடுத்தாற்போல உட்காரும் என்று கண்டறிந்தபோது எங்கள் துறையே துள்ளிக் குதித்தது. அதிலிருந்து மருந்து எதுவும் வரவில்லை. பிறகு 2012-இல் பிரான்சிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஆலிவ் எண்ணெயில் ஃபுல்லரீன் கரைத்துக் கொடுத்த எலிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயுளோடு வாழ்ந்தன என்றது. ஒரு பிரிவுக்கு ஆறு எலிகள், அவ்வளவுதான். ஆயுளை அளப்பது அந்த ஆய்வின் முதல் நோக்கமும் அல்ல, நச்சுத்தன்மை பார்க்கத்தான் தொடங்கினார்கள். அந்த ஆறு எலிகளின் மேல்தான் இன்றைய எண்ணெய் வியாபாரம் முழுதும் நிற்கிறது.

ஃபுல்லரீனுக்கு இரண்டு முகம் உண்டு. இருட்டில் அது ஆன்டிஆக்ஸிடன்ட். தாறுமாறாகத் திரியும் ரேடிகல்களைப் பிடித்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் தலைகீழ். பக்கத்தில் இருக்கும் சாதாரண ஆக்சிஜனை வீரியம் மிகுந்த சிங்லெட் ஆக்சிஜனாக மாற்றும், அது எதைத் தொட்டாலும் ஆக்ஸிஜனேற்றும். எங்கள் ஆய்வகத்தில் அதன் ஊதா நிறக் கரைசலை அலுமினியத் தாள் சுற்றித்தான் வைப்போம். எண்ணெயில் இருந்தால் எண்ணெயோடும் வினைபுரியும். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆயுள் கூடுகிறதா என்று சுண்டெலிகளில் முறையாகச் சோதித்தார்கள். கூடவில்லை. அறை வெளிச்சம் பட்ட ஃபுல்லரீன் எண்ணெய் கொடுத்த சுண்டெலிகளோ இரண்டு வாரத்துக்குள் நோய்ப்பட்டன, இறந்தும் போயின. உங்கள் வீட்டுக்கு வந்த பாட்டில் எத்தனை நாள், எந்த வெளிச்சத்தில் இருந்தது என்று அதைக் கொண்டுவந்தவருக்கும் தெரியாது. அது மருந்தாகப் பதிவு செய்யப்பட்டதும் அல்ல, உள்ளே இருக்கும் அளவை யாரும் பொறுப்பேற்றுச் சொல்வதும் இல்லை. அறுவைக்கு நாள் குறித்த ஒருவருக்கு அதைக் கொடுப்பதில் லாபம் என்று காட்ட ஓர் ஆதாரமும் இல்லை. உறவினரிடம் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமென்றால் சுண்டெலிகளின் கதையைச் சொல்லுங்கள்.

நம்பிக்கையாக எதுவும் இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, பெரும்பாலும் உடம்புக்கு வெளியே. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2020-இல் நானோவைரத்தை வைத்து எச்ஐவி கண்டறியும் ஒரு காகிதப் பட்டையைச் செய்தார்கள். வைரத்துக்குள் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜனும் அதன் பக்கத்தில் ஒரு காலி இடமும் இருந்தால் அது சிவப்பாக ஒளிரும். மைக்ரோ அலையைக் கொடுத்து அந்த ஒளியைச் சிமிட்ட வைக்கலாம். காகிதமும் ஒளிரும், ஆனால் சிமிட்டாது. சிமிட்டுவதை மட்டும் எண்ணினால் பின்னணி இரைச்சல் காணாமல் போய்விடும். தங்க நானோதுகளை வைத்துச் செய்வதைவிட ஒரு லட்சம் மடங்கு நுட்பமாக அதனால் கண்டறிய முடிந்தது. ஒரு துகளும் நோயாளியின் உடம்புக்குள் போகவில்லை. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உள்ளே வைப்பதில் கிராஃபீன் மின்முனை முன்னே போகிறது. மெல்லியது, வளைந்து மூளையின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும், துகளாக உதிராமல் ஒரு தகட்டில் பதிந்திருக்கும். 2024-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், மூளைக் கட்டி அகற்றும் அறுவையின்போது இப்படி ஒன்றை முதன்முதலாக ஒரு மனித மூளையின் மேல் வைத்து, சமிக்ஞைகளைப் பதிந்துவிட்டு எடுத்தார்கள். பாதுகாப்பைப் பார்ப்பதற்கான முதல் படி அது. சிகிச்சை என்று சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை. செத்த இதயத் தசையின் குறுக்கே மின்சாரத்தைக் கடத்த நானோகுழாய் நூலால் தைக்கும் முயற்சியும் அமெரிக்காவில் ஆடுகளின் இதயத்தில் நடந்து, 2019-இல் வெளிவந்தது. எதையும் பிடித்து வைக்க முடிகிற உருவத்தில், தேவைப்பட்டால் எடுத்துவிடக்கூடிய இடத்தில் வைக்கும் இந்த வழிதான் சீக்கிரம் நோயாளிகளைச் சேரும் என்பது என் கணிப்பு. கணிப்பு மட்டுமே.

தேடும்போது உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'சி டாட்ஸ்' என்ற ஒளிரும் துகள்களைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திச் சோதித்ததாகப் படித்தால், அவை கார்பன் புள்ளிகள் அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த சிலிக்கா துகள்கள். 'சி' என்பது கார்னெலைக் குறிக்கும். கார்பன் புள்ளிகள் வேறு. சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் மைக்ரோவேவ் அடுப்பில் சில நிமிடம் சூடாக்கினால் வரும் பழுப்புப் பாகைத் தண்ணீரில் கரைத்து, புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமோ பச்சையோ ஒளிரும். மிகச் சிறியவை என்பதால் சிறுநீர் வழியே வெளியேற வாய்ப்புண்டு, அதனால்தான் பலர் அவற்றின் பின்னால் ஓடுகிறார்கள். இப்போதைக்கு ஆய்வகத்துப் பொருள்தான்.

அப்பாவின் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைப் பேசுங்கள். மை எத்தனை இடத்தில், கட்டிக்கு எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்பது அறுவை செய்பவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கொலோனோஸ்கோபி செய்தவரும் அறுவை செய்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் அந்த அறிக்கையின் பிரதியை நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வயிற்று உப்புசத்துக்கென்று வீட்டில் யாராவது கரி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் வாய்வழி உட்கொள்ளும் மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொண்டு மலத்தோடு கொண்டுபோய்விடும். எண்ணெயை ஏற்கெனவே ஒன்றிரண்டு நாள் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில் என்று குறித்து வைத்திருந்தால் அவர்களுக்கு உதவும். அறுவை முடிந்த பிறகு நிணநீர் முடிச்சுகளின் திசுப் பரிசோதனை அறிக்கை வரும். அதில் கறுப்பு நிறமி காணப்பட்டதாக ஒரு வரி இருந்தால் பயப்படாதீர்கள். அது இந்தக் கரிதான். புற்று பரவியிருக்கிறதா என்பதை வேறு வரியில் தனியாக எழுதியிருப்பார்கள், அந்த வரியைப் பார்த்துக் கேளுங்கள்.